168 மணித்தியாலத்தில் சனிக்கிழமை யாருக்கு?

கம்பஸ் தொடங்குகிற செப்டெம்பரில் எங்கட வீடுகளில் ஒரு அறிவுரை தவறாமல் கேட்கும்: "நேரத்தைச் சரியா மனேஜ் பண்ணிப் படி." சொல்லுகிற நாங்கள் அந்த நேரத்தை ஒருக்கா எண்ணிப் பார்த்திருக்கிறோமா?

ஸ்காபரோவில் தாய் தகப்பனோடு இருந்துகொண்டு ஒஷாவாவில் படிக்கிற பிள்ளையை எடுங்கள். டர்ஹம் கல்லூரியும், 2003இல் வகுப்புகளைத் தொடங்கிய ஒன்ராறியோ ரெக் பல்கலைக்கழகமும் நகரின் வடக்கே, சிம்கோ வீதியில். கோ ரயில் நிற்பதோ தெற்கே. இறங்கி இன்னொரு பஸ் எடுக்கவேண்டும். போய்வர மூன்று மணித்தியாலம் என்றால் நாலு நாளைக்கு 12. வகுப்பு 15. ஒரு மணித்தியால வகுப்புக்கு இரண்டு மணித்தியாலம் தானாகப் படிக்கவேண்டும் என்பது இங்குள்ள பொதுக் கணக்கு, அது 30. நித்திரை 56. பகுதிநேர வேலை 20. மொத்தம் 133. மிச்சம் 35, நாளுக்கு ஐந்து.

சாப்பாடு, குளிப்பு, அம்மம்மாவை டொக்டரிட்ட கூட்டிப்போறது எல்லாம் அந்த ஐந்துக்குள்தான். பிறகு வருகிறது ஹோல் விழா. கார்டில் பின்னேரம் ஆறு மணி என்றிருக்கும். சாப்பாடு பத்து மணிக்கு! பிள்ளைக்கு முழுசாகக் கிடைக்கிற ஒரே நாள் சனிக்கிழமை. அதைத்தான் நாங்கள் கேட்காமலே எடுக்கிறோம்.

படிக்கிற விதத்தையும் சொல்லவேண்டும். நோட்ஸைத் திரும்பத் திரும்ப வாசித்தால் படித்த மாதிரி இருக்கும், அவ்வளவுதான். 2006இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் இதைச் சோதித்தார்கள். ஐந்து நிமிடத்தில் கேட்டபோது, திரும்ப வாசித்த மாணவர்கள் முன்னுக்கு நின்றார்கள். ஒரு கிழமை கழித்துக் கேட்டபோது, தாளை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கே கூட ஞாபகமிருந்தது. ஊரில் ஏ.எல். எடுத்தவர்களுக்கு இது புதினமில்லை. பாஸ்ட் பேப்பர் செய்தது இதற்குத்தானே. பஸ்ஸில் நின்றுகொண்டும் இதைச் செய்யலாம். காலையில் கேட்ட வகுப்பில் என்ன இருந்தது என்று ஃபோனைப் பார்க்காமல் சொல்லிப் பார்த்தால், அந்த 12 மணித்தியாலத்தில் கொஞ்சமாவது திரும்பக் கிடைக்கும்.

அப்படியும் முடியாவிட்டால் ஒரு பாடத்தைக் குறைப்பதில் வெட்கமில்லை. ஓசாப் விதிப்படி முழுப் பாடச்சுமையில் 60 சதவீதம் எடுத்தாலே முழுநேர மாணவர்தான். "அவையின்ர மகள் நாலு வருசத்தில முடிச்சிட்டாள்" என்ற கதையை வீட்டில் நிறுத்தினால் போதும்.

ஊரிலிருந்து விசாவில் வந்த பிள்ளைகளின் பாடு வேறு. 2024 நவம்பரிலிருந்து அவர்கள் படிப்புக் காலத்தில் வெளியே கிழமைக்கு 24 மணித்தியாலம் வரை வேலை செய்யலாம். வாடகையும் ஃபீஸும் தலைக்கு மேல் நிற்கும்போது அந்த 24ஐ யாரும் விடமாட்டார்கள், வெட்டுவது நித்திரையைத்தான். வேலைக்கு எடுக்கிற எங்கட கடைக்காரர்கள் பரீட்சைக் கிழமையில் ஷிப்டைக் குறைத்துக் கொடுத்து, பிறகு அதே பிள்ளையைத் திரும்பக் கூப்பிட்டாலே பெரிய உதவி.