சிரமத்தை விற்பவர்கள்

 

பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டத்தை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. நம் வீடுகளில் பலர் நிம்மதியடைந்தனர். ஆன்லைன் ரம்மியில் பொருளை இழந்து உயிரையும் மாய்த்துக்கொண்டோரின் செய்திகளைப் படித்துப் படித்துச் சலித்த மாநிலம் நம்முடையது. 2023 ஏப்ரலில் ஒப்புதல் பெற்ற தமிழகச் சட்டம் ரம்மியைத் தடுத்தது. அதே ஆண்டு நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் ரம்மி திறமை விளையாட்டு எனக் கூறி அந்தப் பகுதியை நீக்கியது. திறமையா, அதிர்ஷ்டமா என்ற வாதத்திற்கே இடம் வைக்காமல், பணயம் இருந்தால் கூடாது என்கிறது மத்தியச் சட்டம். சூதாட்டம் பகையை மூட்டும். இறைநினைவையும் தொழுகையையும் மறக்கச் செய்யும் என்று அல்மாயிதா அத்தியாயத்தின் 90, 91ஆம் வசனங்களில் எச்சரிக்கப்பட்ட நமக்கு இதில் ஐயம் எதுவும் இல்லை.

நாம் பேச வந்தது சட்டம் தொடாத வேறொன்றைப் பற்றி: 'இலவச' சீட்டு விளையாட்டுகள்.

ஆரல்வாய்மொழியில் மாலை மதரஸாவில் ஓதிக்கொண்டிருந்த சிறுவன் ஒருவன் அடிக்கடி கடிகாரத்தைப் பார்த்தான். காரணம் கேட்டோம். "வாப்பாவின் போனில் பெட்டி திறக்கும் நேரம் உஸ்தாத். நான் போய்த் திறக்காவிட்டால் அடுத்த பெட்டி கிடைக்காது" என்றான். காசு எதுவும் போடவில்லை என்றும் சொன்னான். உண்மைதான். ஆனால் அவனுடைய மக்ரிபை அந்த விளையாட்டு ஏற்கெனவே வாங்கிவிட்டிருந்தது.

இவ்வகை விளையாட்டுகளின் கணக்கைப் பாருங்கள். 2014இல் வெளிவந்து உலகப் புகழ் பெற்ற 'ஹார்த்ஸ்டோன்' சீட்டு விளையாட்டில், தொடக்க ஆண்டுகளில் மூன்று ஆட்டம் வென்றால் 10 பொற்காசு. ஐந்து சீட்டுகள் கொண்ட ஒரு பொதியின் விலை 100 பொற்காசு. அன்றாடப் பணிகளுக்குத் தனிப் பரிசு உண்டு. அதைத் தவிர்த்துப் பார்த்தால் ஒரு பொதிக்கு 30 வெற்றி வேண்டும். பொதிக்குள் என்ன இருக்கும் என்பது திறக்கும்வரை தெரியாது. அந்தச் சிரமம் வேண்டாமென்றால் பணம் கொடுத்து அதே பொதியை வாங்கலாம். சேர்த்த சீட்டுகளாவது நிலைக்குமா? 2016 முதல் முதன்மைப் போட்டி முறையிலிருந்து பழைய தொகுப்புகள் ஆண்டுதோறும் விலக்கப்படுகின்றன. புதியவர் மீண்டும் புதியவராகிறார்.

இந்த உழைப்பை ஆடுபவர்களே 'கிரைண்டிங்' என்கிறார்கள். அரைப்பது என்று பொருள். நம் வீட்டு ஆட்டுரலில் அரைத்தால் மாவாவது மிஞ்சும்.

"பொறுமையையும் விடாமுயற்சியையும் அது கற்றுத் தருகிறதே" என்று சில பெற்றோர் வாதிடுகின்றனர். கற்பித்தலையே தொழிலாகக் கொண்ட நாம் இதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள். அலிஃப், பா படிக்க வரும் பிள்ளைக்கும் தொடக்கம் கடினமே. நாவு புரளாது, 'ளாத்' வராது. ஆனால் உஸ்தாதின் வேலை அந்தச் சிரமத்தைக் குறைப்பது. திக்கித் திணறி ஓதுபவருக்கு இரு கூலி உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் நற்செய்தி கூறியது புதியவரைத் தாங்கிப் பிடிக்கத்தான். அங்கேயோ சிரமம்தான் சரக்கு. அது குறைந்தால் வியாபாரம் படுத்துவிடும். ஆகவே புதியவர் தோற்க வேண்டும். ஆனால் விட்டுப் போகுமளவு தோற்கக் கூடாது. அந்த அளவை நிறுத்துக் கொடுப்பவர்களை ஆசிரியர்கள் என்று நாம் எப்படி அழைப்பது?

"காசு போகவில்லை, நேரம்தானே" என்பது அடுத்த வாதம். மனிதர்களில் பெரும்பாலோர் நட்டமடையும் இரு அருட்கொடைகள் ஆரோக்கியமும் ஓய்வு நேரமும் என்பது நபிமொழி. நேரத்தை நட்டக் கணக்கில் எழுதக் கற்றுத்தந்த மார்க்கம் நம்முடையது. காசும் அப்படியொன்றும் தொலைவில் இல்லை. உள்ளிருப்பது தெரியாத பெட்டிக்குப் பணம் கொடுக்க ஒரு பிள்ளை பழகிவிட்டால், சூதின் முதல் பாடம் முடிந்தது. சில விளையாட்டுகளில் விற்கப்பட்ட அத்தகைய பெட்டிகள் சூதாட்டச் சட்டத்தை மீறுகின்றன என்று பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் 2018இலேயே அறிவித்தது.

விளையாட்டே கூடாது என்று நாம் சொல்லவில்லை. அம்பெய்தலையும் குதிரையேற்றத்தையும் ஊக்குவித்த நபியின் உம்மத் நாம். ஒவ்வொரு செயலிக்கும் ஃபத்வா வழங்கும் தகுதியும் நமக்கில்லை. அது உலமாக்களின் பொறுப்பு. ஆனால் வீட்டில் அமைதி வேண்டி, அழும் பிள்ளையின் கையில் போனைத் திணித்தது யார்? குற்றத்தில் பெரியவர்களாகிய நமக்கும் பங்குண்டு.

இன்றிரவு பிள்ளையின் அருகில் அமருங்கள். அந்த விளையாட்டை உங்களுக்குக் காட்டச் சொல்லுங்கள். "இப்போது எதற்காகக் காத்திருக்கிறாய்?" என்று கேளுங்கள். பணம் செலுத்தும் வழியைக் கடவுச்சொல்லால் பூட்டுங்கள். மக்ரிப் முதல் இஷா வரை வீட்டிலுள்ள எல்லாப் போன்களும் ஓரிடத்தில் இருக்கட்டும், வாப்பாவின் போன் உட்பட.

நம் பிள்ளைகளின் நேரத்தில் வல்ல அல்லாஹ் பரக்கத் செய்வானாக! ஆமீன்.