கார்ப் பொம்மை தம்பிக்கு மட்டுமா?

பழைய பந்தயக் கார்களின் சிறு உலோகப் பொம்மைகளைச் சேர்ப்பது ஆண்பிள்ளைகளின் பொழுதுபோக்கு என்பர் பெரியோர். நாம் இதை ஏற்பதற்கில்லை. இங்கிலாந்தில் ஒரு சிறுமியின் பள்ளியில், தீப்பெட்டிக்குள் அடங்கும் பொம்மையையே கொண்டுவரலாம் என்று விதி இருந்ததாம். (நம் சகோதரிகள் இதைப் படியாதிருப்பார்களாக!) தந்தை ஜாக் ஓடல் பித்தளையில் குட்டி ரோடு ரோலர் செய்து கொடுத்தார். ‘மாட்ச்பாக்ஸ்’ கார்கள் பிறந்த கதை இதுவே. அந்நிறுவனம் 1956-இல் பழங்காலக் கார்களின் வரிசையைத் தொடங்கியது. பின்னர் குதிரைலாட வடிவ ரேடியேட்டருடன் நீலநிறப் புகாட்டி 35-ஐயும் அதில் சேர்த்தது. நிஜப் புகாட்டி 35 வகைக் காரில், 1928-இல் சிசிலித் தீவின் தார்கா ஃப்ளோரியோ மலைப்பாதைப் பந்தயத்தில் ஆண்களோடு போட்டியிட்டு, இரண்டாம் சுற்றில் முந்தியும் சென்று, ஐந்தாவதாக வந்தவர் செக் நாட்டுப் பெண்மணி எலிஷ்கா யுன்கோவா. பெற்றோரே, தம்பியின் பிறந்தநாளுக்குக் கார் வாங்கும் கடையிலேயே நமக்கும் ஒன்று வாங்கலாமே!