மழையளவும் லயத்து வாழ்வும்

சுவிற்சர்லாந்தின் டாவோஸ் நகரிலுள்ள ஆராய்ச்சி நிலையம், மலையேறுவோர்க்குப் பனிச்சரிவின் அபாயத்தை ஐந்து படிகளாக வகுத்து அறிவிக்கின்றது. இளவேனில் வெயிலில் உருகிய நீர் உள்ளிறங்கிப் பனிப்படையின் பிடியைத் தளர்த்திவிடும். பனி காணாத நம் சப்பிரகமுவ மலைகளில், மழைநீரால் மண்ணுக்கு நேர்வதும் ஏறத்தாழ அதுவே.

2016 மே 17 அன்று அரநாயக்கவில் சாமசர மலை சரிந்தது. அன்றே புளத்கொஹுபிட்டிய, களுப்பஹன தோட்டத்து லயத்தையும் மண் மூடிற்று. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பு, 100 ஆனால் எச்சரிக்கை, 150 ஆனால் வெளியேற்றம் எனத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அளவு வகுத்துள்ளது. நன்று. ஆயின் வெளியேறி எங்கே செல்வது? பனிமலைக்குச் செல்ல எண்ணியவன் அறிவிப்பைக் கேட்டு வீட்டிலே தங்கிவிடலாம். தோட்டத் தொழிலாளிக்கோ அபாயம் வீட்டிலேயே இருக்கின்றது. லயத்துக்கு இடம் தெரிந்தவன் அவனல்லன்.

பாடசாலை மண்டபத்தில் சில இரவுகள் தங்கி, மழை விட்டதும் அதே அறைக்கு மீளும் பிள்ளைகள் நம் வகுப்புகளிலும் உளர். நனைந்த கொப்பிக்காக அவர்களை நாம் கடிந்ததும் உண்டு.

கம்பனிகளிலும் கந்தோர்களிலும் பதவி வகிக்கும் பழைய மாணவர்களிடம் நாம் வேண்டுவது மழைமானியன்று; அதை மாணவரே முற்றத்தில் வைத்து அளப்பர். சரியாத நிலத்தில் ஏழு பேர்ச் காணியும், அதற்கோர் உறுதியும் இவர்களுக்குக் கிடைக்க வழிசெய்யுங்கள்.