கதம்ப ஒயினும் மல்லித் தோட்டமும்

பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையில் தள்ளுவண்டிகளில் விற்கும் பன்னீர் திராட்சை, கம்பம் பள்ளத்தாக்கில் விளையும் ஒரே ரகம்; மஸ்கட் ஹாம்பர்க் என்பது அதன் பெயர். தென் பிரான்சில் ரோன் நதிப் பகுதியில் தயாராகும் சிவப்பு ஒயினோ பல ரகங்களின் கதம்பம். அவிஞோன் நகருக்கு அருகிலுள்ள ஷாட்டோநெஃப்-து-பாப் என்ற ஊரின் ஒயினுக்கு, 1936ஆம் ஆண்டு விதிகள் பதின்மூன்று ரகங்களை அனுமதித்தன. மதுவின் பெருமை பேசுவது இங்கு நோக்கமன்று. ஒரே விவசாயி பல ரகங்களை ஏன் வளர்த்தார் என்பதே கவனிக்கத்தக்கது.

அங்கு பிரதான ரகம் கிரெனாஷ். வெயிலையும் பலத்த காற்றையும் தாங்கும். சர்க்கரைச் சத்து நன்கு ஏறுவதால் ஒயினுக்கு வீரியமும் பழ மணமும் தருகிறது. ஆனால் நிறம் குறைவு. பூக்கும் தருணத்தில் குளிர்ந்த மழை பெய்தால் பூ உதிர்ந்து காய்ப்பு கெடும். சிரா என்ற ரகம் கருஞ்சிவப்பு நிறத்தையும் மிளகு வாசனையையும் சேர்க்கிறது. மூர்வெத்ர் துவர்ப்பைக் கொடுத்து, ஒயினைப் பல ஆண்டுகள் வைத்திருக்க உதவுகிறது. எனினும் தாமதமாகப் பழுப்பதால் வெயில் போதாத ஆண்டில் கைவிட்டுவிடும். ஒன்று பொய்த்தால் மற்றொன்று ஈடு செய்யும். இன்று ருசி என்று புகழப்படுவதில் விவசாயியின் முன்யோசனைக்கும் பெரும் பங்குண்டு. மகசூலுக்கும் அங்கு வரம்புண்டு: எக்டருக்கு 35 எக்டோலிட்டர், அதாவது ஏக்கருக்குச் சுமார் 1,400 லிட்டர். இங்கு அப்படியொரு விதி வந்தால் விவசாயிகள் சண்டைக்கே வருவர்!

இந்த ரகங்களை ஆவடிப் பக்கம் நடலாமா என்றால், வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் அடிச்சாம்பல் நோய் கொடியை விடாது. ஒயின் தயாரிக்க அரசு உரிமமும் தேவை.

பின்பற்ற வேண்டியது கலக்கும் முறையை. பூவிருந்தவல்லி, திருமழிசை வட்டாரத்தில் வீட்டுமனைகளுக்குத் தப்பிய அரை ஏக்கர் முழுவதும் குண்டுமல்லியை மட்டும் நிரப்புவது சரியன்று. கோடையில் எல்லோர் கூடையும் ஒன்றாகக் கோயம்பேட்டுக்குப் போக, விலை சரிகிறது. மார்கழியில் விலை ஏறும்போது செடியில் பூ இல்லை. அரை ஏக்கரில் கால் பங்கையாவது வேறு பூவுக்கு ஒதுக்கலாம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 1 நட்சத்திர மல்லிகை குளிர் மாதங்களிலும் பூக்கும். சம்பங்கியும் ஆண்டில் பெரும்பகுதி பூக்கக்கூடியது. மல்லியின் மொட்டுப்புழு அதைத் தொடுவதில்லை.

அதற்காக எல்லாவற்றிலும் நான்கு செடி வைப்பதும் வீண். ஐந்து வகைப் பூவைக் கைப்பிடி கைப்பிடியாகக் கொண்டுபோனால் மண்டியில் மதிப்பிராது. கிரெனாஷ் போல் குண்டுமல்லியே முதற்பயிராக இருக்கட்டும்.

சம்பங்கிக் கிழங்கை ஜூன், ஜூலையில் நடலாம். குண்டுமல்லியை நவம்பர் கடைசி வாரத்தில் தரையிலிருந்து 50 செ.மீ. உயரத்தில் கவாத்து செய்ய வேண்டும். அது மீண்டும் தளிர்த்துப் பூக்கும் வரை, கூடைக்கு மற்ற இரண்டும் வரும்.