விடைத்தாள் நகலோடு போகலாம்



பிளஸ் டூ முடிவு வந்ததும், “மார்க் ஏன் குறைஞ்சது சார்?” என்று பிள்ளைகள் பாட ஆசிரியரிடம் போய் நிற்கிறார்கள். பாவம், தாளைத் திருத்தியவர் அவரல்ல. அவர் என்ன சொல்வார்?

அரசுத் தேர்வுகள் இயக்ககத்திடம் விடைத்தாள் நகல் வாங்கியபின் போனால் பேச்சே வேறு. இயற்பியலில் எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. அந்த 70-இல் எங்கே சறுக்கியது என்று விடைக்குறிப்போடு வரிவரியாக ஒப்பிடலாம். சூத்திரம் சரி, அலகைக் காணோம் என்பது அப்போதுதான் தெரியும். திருத்தாமல் விட்ட பக்கமும் சில சமயம் சிக்கும்.

கூட்டல் பிழைக்கு மறுகூட்டல், மற்றதற்கு மறுமதிப்பீடு. ஆனால், விண்ணப்ப அவகாசமோ சில நாட்கள்தான். அதுவும் கோடை விடுமுறையில். அந்த நாட்களில் பாடத்துக்கு ஓர் ஆசிரியரையாவது பள்ளியில் இருக்கச் செய்யலாமே!

– வாசகர், திண்டுக்கல்