ஐம்பது ரூபாய்க் கண்மைக்கு யார் வெட்கப்பட வேண்டும்?

"விலை குறைஞ்சதைப் பூசாதே, முகம் கெட்டுப்போயிரும்" என்று கல்லூரி விடுதிகளில் ஓர் அறிவுரை சுற்றிக்கொண்டே இருக்கிறது. சொல்பவரின் பையில் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் லிப்ஸ்டிக் இருக்கும். கேட்பவரின் பையில் ஃபேன்சி ஸ்டோரில் வாங்கிய ஐம்பது ரூபாய்க் கண்மை. அதை மற்றவர் முன் எடுக்கவே நம் பிள்ளைகள் கூசுகிறார்கள். மாணவிகளோடு வேலை செய்யும் நாங்கள் இதை அடிக்கடி பார்க்கிறோம்.

இதற்கெல்லாம் ஒரு கட்டுரையா என்று கேட்கப்போகும் தோழர்களுக்கு ஒன்றை நினைவுபடுத்துகிறோம். 1930 டிசம்பரில் ராமநாதபுரத்தில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்கள் மீது எட்டுத் தடைகளை விதித்தனர். பொன், வெள்ளி நகை அணியக் கூடாது. ஆண்கள் சட்டை போடக் கூடாது. பெண்கள் ரவிக்கை, தாவணி அணியக் கூடாது. பெண்களுக்குப் பூவும் கூடாது, பூச்சும் கூடாது. மீறிய மக்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன. நம் பாட்டிமார் முகத்தில் எதைப் பூசலாம் என்பதைச் சாதி தீர்மானித்த ஊர் இது. அலங்காரமே முதலாளித்துவ மாயை என்று நம் பெண்களுக்கு வகுப்பெடுக்கும் ஆண் தோழர்கள் அந்தப் பட்டியலை ஒருமுறை படித்துவிட்டு வரட்டும்.

சரி, விலை ஏறினால் தரம் ஏறுமா? பிரான்சின் லோரியல் நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். பணக்காரர்கள் வாங்கும் லாங்கோமும் அதனுடையதுதான், மருந்துக்கடை அலமாரியில் தொங்கும் மேபலினும் கார்னியரும் அதனுடையவைதான். ஒரே முதலாளி இரண்டு வாசல் வைத்திருக்கிறார், அவ்வளவுதான். மாய்ஸ்சரைசர் டப்பாவின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். சேர்மானங்கள் பெரும்பாலும் அளவு கூடியதில் தொடங்கிக் குறைந்ததில் முடியும் வரிசையில் இருக்கும். முதலில் தண்ணீர், பிறகு கிளிசரின், ஏதாவது ஓர் எண்ணெய் அல்லது மெழுகு. இருநூறு ரூபாய் டப்பாவிலும் அதுதான், ஐயாயிரம் ரூபாய் டப்பாவிலும் அதுதான். தோலின் ஈரம் வெளியேறாமல் தடுப்பதில் சாதாரணப் பெட்ரோலியம் ஜெல்லியை மிஞ்சும் பொருள்கள் மிகக் குறைவு. மீதிப் பணம் கண்ணாடிக் குப்பிக்கும், வாசனைக்கும், விளம்பர நடிகைக்கும் போகிறது. அந்த வாசனைதான் பலருக்கு ஒவ்வாமையைக் கொண்டுவருகிறது என்பது வேடிக்கை.

ஓரிடத்தில் மட்டும் விலை உண்மையிலேயே வித்தியாசம் காட்டுகிறது. அங்கேதான் நமக்குக் கோபம் வருகிறது. ஃபவுண்டேஷனோ காம்பேக்டோ வாங்கப் போங்கள். மலிவு அலமாரியில் மூன்று நான்கு நிறம் இருக்கும், எல்லாமே வெளுப்புக்குப் பக்கத்தில். நம் கறுப்புக்குப் பொருந்துவது வேண்டுமென்றால் ஆயிரக்கணக்கில் கொடுத்து வெளிநாட்டுச் சரக்கு வாங்க வேண்டும். பாடகி ரிஹானா 2017இல் தன் ஃபென்டி பியூட்டியை 40 நிறங்களோடு இறக்கிய பிறகுதான், இத்தனை நிறத்தில் மனிதர்கள் இருக்கிறார்கள் என்பது மற்ற நிறுவனங்களுக்கு உறைத்தது. வெயிலில் வயல் வேலையும் கட்டட வேலையும் பார்க்கும் பெண்கள் நிறைந்த ஒரு மாநிலத்தில், அவர்களின் நிறம் மட்டும் ஏன் மலிவு அலமாரியில் இல்லை?

அந்த அலமாரியில் நமக்காகக் குவிந்திருப்பது வேறொன்று: சிவப்பழகு க்ரீம். ஃபேர் அண்ட் லவ்லி 1975இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. 45 ஆண்டுகள் கழித்து, அமெரிக்காவில் கறுப்பின மக்கள் தெருவில் இறங்கிய 2020இல்தான், பெயரிலிருந்து 'ஃபேர்' போனது. க்ளோ வந்தது. கறுப்பாக இருப்பது குறை என்ற அதே கதையைக் கொஞ்சம் நாகரிகமாகச் சொல்லலாம் என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். கறுப்பை இழிவாக்கியதில் சாதிக்கு எவ்வளவு பங்கு என்று நாம் விளக்கத் தேவையில்லை. பெண் பார்க்க வருகிறவர்களின் முதல் கேள்வியைக் கேட்டாலே போதும்.

பெயர் மாற்றிய க்ரீமை விட ஆபத்தானவை தயாரித்தவர் முகவரியே இல்லாமல் விற்பவை. கேரளத்தின் கோட்டக்கல்லில் மருத்துவர்கள், 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒருவகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை ஆராய்ந்தனர். 15 பேருக்கு அந்நோயின் அரிய வகை ஒன்று இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகு க்ரீம் பூசியவர்கள். சந்தேகம் பாதரசத்தின் மீது. பாதரசம் தோலின் நிறமியைத் தடுக்கும், கூடவே சிறுநீரகத்தையும் தின்னும். நம் நாட்டு விதிப்படி, தெரியாமல் கலந்த பாதரசம்கூட இத்தகைய க்ரீமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. விதி விலையைப் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டிய அதிகாரிகள்தான் நம் பக்கத்து ஃபேன்சி ஸ்டோரை எட்டிப் பார்ப்பதில்லை.

இன்னொரு கொடுமை பீட்டாமெத்தசோன் களிம்பு. மருத்துவர் எழுதித் தரவேண்டிய ஸ்டீராய்டு அது. மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலியும், பரு வெடிக்கும், முகத்தில் முடி வளரும். சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று 2018இல் அரசு கெடுபிடி செய்தும், "வெள்ளையாக்கும் களிம்பு" என்று கேட்டால் கொடுக்கும் கடைகள் இருக்கின்றன.

ஆகவே தோழிகளே, கண்மையோ லிப்ஸ்டிக்கோ எதுவானாலும் விலைச்சீட்டுக்கு முன் உரிம எண், தயாரித்தவர் முகவரி, காலாவதித் தேதி மூன்றையும் பாருங்கள். இருந்தால் ஐம்பது ரூபாய்ச் சரக்கைத் தாராளமாகப் பூசுங்கள், யார் முன்னும் எடுங்கள். இல்லாவிட்டால் அது ஐந்நூறானாலும் வேண்டாம். ஏற்கெனவே முகவரியில்லாத க்ரீம் பூசி வருபவர்கள் உடனே நிறுத்துங்கள். சிறுநீர் நுரைத்துப் போனாலோ, கால், முகம் வீங்கினாலோ அரசு மருத்துவமனைக்குப் போய்ச் சிறுநீர்ப் பரிசோதனை கேளுங்கள். அந்த க்ரீம் டப்பாவையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.