மீனவராக்கப்பட்ட மன்னர்

ஜஸ்டின் லின் இயக்கிய 'டோக்கியோ ட்ரிஃப்ட்' (2006) படத்தைப் பந்தயக் காட்சிகளுக்காகக் கொண்டாடுவோரோடு நமக்குப் பிணக்கில்லை. ஜப்பானைக் காட்டிய படம் என்னும்போதுதான் மறுக்க நேர்கிறது. மலைச்சாலை வளைவுகளில் காரைச் சறுக்கி ஓட்டும் கலையைப் பரப்பி 'ட்ரிஃப்ட் கிங்' எனப் பெயர்பெற்றவர் கெய்ச்சி ட்சுசியா. அப்பட்டத்தை வில்லனுக்குச் சூட்டிவிட்டு, அவரைச் சில நொடிகள் வந்துபோகும் மீனவராக்கியிருக்கிறார்கள். ஃபுகசாகுவின் 'ஹிரோஷிமா டெத்மேட்ச்' (1973) படத்தில் யாகுசாவின் வெறியாட்டத்தை நடித்துக்காட்டிய சோனி சிபா, இங்கே அமெரிக்கச் சிறுவனின் பந்தயத்துக்கு இசைவு தரும் பெரியவர் மட்டுமே. கொலைக்கு அஞ்சாத கூட்டம், கார்ப்பந்தய முடிவுக்குக் கட்டுப்பட்டு அவனை விட்டுவிடுகிறதாம்! அம்மண்ணின் மேதைகள் அலங்காரப் பொம்மைகள். நேற்று வந்தவனே வெற்றியாளன். யாகுசா உலகை அறிய விரும்புவோர் ஃபுகசாகுவிடமே செல்லட்டும்.